கீலனிடம் எப்படிச் சொல்வது?

கோச் வேண்டர்மீர் தன் அறைக் கதவைச் சாத்தினார். "உட்காரு, கீலன்."

அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் அந்தச் சின்னக் கல்லூரிக்கு பாஸ்கெட்பால் பார்க்கக் கூட்டம் வருவதே ஏழடி உயரக் கீலனுக்காகத்தான்.

"என்ன கோச், மறுபடியும் ஓட விடப் போறீங்களா? காலையிலதான் முப்பது ரவுண்டு ஓடினேன்."

"அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தா முப்பது ரவுண்டுதான். விஷயம் அதில்லடா. ஹார்ட்வெல் யுனிவர்சிட்டியில என்னைத் தலைமை கோச்சா கூப்பிட்டிருக்காங்க. ஸ்கூல் டீமுக்குத் துண்டு துவைச்சுப் போட்டதிலேர்ந்து இருபத்திரண்டு வருஷம், எட்டு ஊரு. எல்லாம் இதுக்காகத்தான். நேத்து சரின்னுட்டேன். நீ படிப்பு முடிக்கிற வரைக்கும் கூட இருப்பேன்னு உங்கம்மாகிட்ட வாக்குக் கொடுத்தேன். மன்னிச்சுடுப்பா."

கீலன் அழுவான் என்று எதிர்பார்த்தார். அவன் சிரித்தான்.

"அம்மாவுக்குத் தெரியும் கோச். போன வாரமே ஹார்ட்வெல்லேர்ந்து எங்க வீட்டுக்கு ஆள் வந்துட்டுப் போயாச்சு. நான் டீம் மாறி அங்க ஆடணுமாம்."

"உன்னையா?"

"ஆமா. 'மூணு கோச் பேரு வெச்சிருக்கோம். இதுல யாரைப் போட்டா நீ வருவே?'ன்னு கேட்டாங்க."

வேண்டர்மீர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நீ என்ன சொன்னே?"

"எனக்கு யாரா இருந்தாலும் சரிதான். அம்மாதான் உங்க பேரைச் சொல்லச் சொன்னாங்க." கீலன் எழுந்து, கதவு நிலை தலையில் இடிக்காமல் குனிந்து வெளியேறியவன் திரும்பிப் பார்த்தான்.

"நாளைக்குப் பத்திரிகைக்காரங்க வர்றாங்க. ஹார்ட்வெல்லோட ஆரஞ்சு கலர்ல டை கட்டிக்குங்க கோச். இனிமே நம்ம கலர் அதுதான்."