அண்ணன் காட்டுப் புழு

மாரிராஜ் மக்காச்சோளக் குருத்தை விரலால் விரித்தான். உள்ளே மரத்தூள் போல எச்சம். அதற்கடியில் படைப்புழு கொழுத்துப்போய் நெளிந்தது.

அடுத்த செடியிலும் அதே கதைதான்.

செடி அவனுடையதல்ல. அண்ணன் துரைப்பாண்டியின் காடு. வரப்புத் தகராறில் இருவருக்கும் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது.

வரப்புக்கு அந்தப் பக்கம்தான் மாரிராஜின் காடு. விடிந்ததும் அங்கே தேடிப் பார்த்துவிட்டான். புழு இன்னும் ஏறவில்லை. ஏறிவிட்டால் மருந்தடிக்க வேண்டும். அடித்தால் அந்தப் பயிரைப் பசுவுக்கு அறுத்துப் போட முடியாது. இந்த மாசி வெயிலில் மேலநீலிதநல்லூர் பக்கம் வேறு பச்சை எங்கே இருக்கிறது? அந்த ஒற்றைப் பசுவின் பாலில்தான் அவன் வீட்டு அடுப்பு எரிந்தது.

புழுவை இங்கேயே மறித்துவிட வேண்டும்.

அண்ணன் சங்கரன்கோவில் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்த பிறகே மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு வரப்பைத் தாண்டியிருந்தான். பேட்டரி மோட்டாரின் இரைச்சல் ஊருக்கே கேட்பது போலிருந்தது. யார் கண்ணிலாவது பட்டால், அண்ணன் பயிரைக் கருக்க வந்தான் என்றுதான் பேச்சு வரும். போலீஸ் வரைக்கும் போகும்.

சால் முனையில் திரும்பினான்.

எதிரே மதினி சங்கரேஸ்வரி. கையில் அரிவாள்.

டேங்கை நிறுத்தினான். 

அவள் நனைந்த குருத்தைப் பார்த்தாள். மண்ணில் விழுந்து துடித்த புழுவைப் பார்த்தாள். பிறகு அவனை.

“என்ன கொழுந்தனாரே, கூலி இல்லாத வேலைக்கு வந்திருக்கீரு?”

அவன் டேங்கின் வாரைப் பற்றிக்கொண்டான். கத்தி ஊரைக் கூட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் கத்தவில்லை. சிரிப்பை அடக்குகிறவள் மாதிரி உதட்டைக் கடித்தாள்.

“ரெண்டு பேருக்கும் ஒரே புத்திதான். புழு உம்ம காட்டுல இருந்துதான் வருதுன்னு, நேத்துச் சாயந்திரம் நீரு போனப்புறம் உங்க அண்ணன் உம்ம காடு பூரா அடிச்சிட்டாவ. அங்கனயே மருந்து தீந்துட்டு. எங்க காட்டுக்கு வாங்கத்தான் இப்ப பஸ் ஏறியிருக்காவ.”

வந்ததுதான் வந்தீர், வடக்கு ஓரத்தையும் அடித்துவிட்டுப் போம் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாரிராஜ் வாரைக் கழற்றினான். டேங்க் சாலில் விழுந்து சரிந்தது. மதினி கூப்பிடக் கூப்பிட வீட்டைப் பார்த்து ஓடினான்.

காலையில் தன் காட்டில் ஒரு கட்டு அறுத்து, பசுவின் முன்னால் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தான்.