இழவு வீட்டுக் காட்சி

பட்ஜெட் தாளில் இழவு வீட்டுக் காட்சிக்கு நேரே பூஜ்யம் போட்டிருந்தான் இளம்பரிதி. சொந்தமாக எடுத்த முதல் எபிசோடு சேனல் அலுவலகத்தில் ஓடி முடிந்ததும், தயாரிப்புத் தலைவர் அந்தப் பூஜ்யத்தில்தான் விரலை வைத்தார்.

"இவ்ளோ கூட்டம், பந்தல், மேளம், பாடி... எல்லாம் சும்மாவா வந்துச்சு?"

"தெரிஞ்சவங்க சார். ஃப்ரீயா பண்ணிக் குடுத்தாங்க."

பாடையில் கிடந்தது அக்காவின் வீட்டுக்காரர் என்று சொல்ல வாய் வரவில்லை.

தயாரிப்புத் தலைவர் காட்சியைப் பின்னுக்கு ஓட்டி நிறுத்தினார். "அப்படியே நெஜம் மாதிரி இருக்கு. இந்தம்மாதான் சொதப்பிட்டாங்க. எல்லாரும் அழறாங்க, இவங்க கேமராவையே பாத்துக்கிட்டிருக்காங்க பாருங்க."

திரையில் அக்கா. தாலி இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைத் தம்பிதான் போர்த்த வேண்டும். படம் பிடித்த அன்று அந்தச் சேலை மடிப்புக் கலையாமல் அவன் காலடியில், கேமரா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. "தம்பிக்காரன் எங்கப்பா?" என்று பெண்கள் சத்தம் போட, அவள் மட்டும் அவன் நின்ற இடத்தைச் சரியாகப் பார்த்தபடி, தோளைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கேமராவுக்குப் பின்னாலிருந்து அவன் ஒரு விரலைத் தூக்கி, கொஞ்சம் பொறு என்று சைகை காட்டியிருந்தான்.

"வேற ஒருத்தங்கள உக்கார வச்சு இத மட்டும் திரும்ப எடுத்துடலாம்ல?"

"எடுத்துடலாம் சார்," என்றான் இளம்பரிதி, திரையைப் பார்க்காமல்.