தட்டாத சுவர்

குறையில்லை என்று சான்று தந்த வீட்டில் பிற்பாடு குறை தெரிந்தால், சான்று தந்த ஆய்வாளரே அங்கே பத்து வருடம் குடியிருந்தாக வேண்டும் என்பது சட்டம். செங்குட்டுவன் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது.

பூஜை அறைச் சுவர் சரிந்துதான் அங்கே குடியிருந்த விமலாதேவி அம்மாள் இறந்தார். ஆய்வு நாளன்று வீடு முழுக்கத் தட்டிப் பார்த்த செங்குட்டுவன், ஷூவைக் கழற்றச் சோம்பல்பட்டு, அந்தச் சுவரை மட்டும் அறை வாசலில் நின்றபடியே சரியென்று குறித்திருந்தார்.

குடியிருந்தவர்களின் பேச்சை அந்த வீடு மறப்பதில்லை. இப்போது அவர் வெறுங்காலோடு அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம், அன்று அந்த அம்மாள் சொன்னதை அதே குரலில் சொல்கிறது.

"பரவால்ல தம்பி, ஷூவோடயே வாங்க. இந்தச் சுவத்தையும் ஒரு தட்டு தட்டிப் பாத்துருங்க."