சங்கத்துக் கார்டு

தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் மருத்துவச் சங்கத்தின் கார்டை ஆஸ்பத்திரி ஜன்னலில் நீட்டிவிட்டு, வயிற்றைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்தாள் தையல்காரி.

"இது செல்லாதும்மா," என்றார் குமாஸ்தா.

"ஏழு வருஷமா மாசம் தவறாம சந்தா கட்டறேன் சார்!"

"கட்டினீங்க. ஆனா போன மாசம் இங்கேயே செத்துட்டீங்களே. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு உடம்பை வாங்கிட்டுப் போயிருக்காரு."

பக்கத்தில் நின்ற கணவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளே சொன்னாள்.

"செத்தது என் தங்கச்சி சார். 'கல்லு மாதிரி இருக்கேன், எனக்கெதுக்குச் சங்கம்'னு சேராமலே இருந்தா. ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. ஆபத்துக்கு என் கார்டைக் கொடுத்தேன்."

குமாஸ்தா பெருமூச்சு விட்டார். "இது என் காதுல விழலை. வெளியே தெரிஞ்சா உங்க தெருவுக்கே கார்டு இருக்காது. புதுசா சேர அடுத்த ஜன்னல். இன்னைக்கே செல்லும். ஆனா செத்தவங்க பேருல சேர முடியாது."

அடுத்த ஜன்னலில் இருந்த பெண் விண்ணப்பத்தை எடுத்தாள்.

"பேர் சொல்லுங்க."

தையல்காரி கணவனைப் பார்த்தாள். அவன் வேறெங்கோ பார்த்தான்.

எந்த ஏட்டிலும் இன்னும் சாகாத தங்கையின் பெயரைச் சொன்னாள்.