பத்தாவது கடை

“பனிக்காலத்துல அந்தக் கடை வாசல் வழுக்கும், நல்ல பூட்ஸ் போட்டுட்டுப் போங்கன்னு எழுதுனது நீங்கதானுங்களே, சசிதர்?”

ஆபீஸ் தலைவி ராமாமணி கேட்ட விதத்திலேயே விஷயம் பெரிது என்று சசிதருக்குத் தெரிந்துவிட்டது. சாதாரணமாக அவர் எல்லாரையும் ‘வா, போ’ என்றுதான் பேசுவார். கோபம் ஏற ஏறத்தான் ‘ங்க’ ஏறும். இன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே ‘நீங்கதானுங்களே’ வந்துவிட்டது.

எழுதியது அவன்தான். அமெரிக்காவில் மில்வாக்கி என்று ஓர் ஊர். அங்கே போகிறவர்கள் பகடை, சீட்டு, பலகை விளையாட்டு என்று ஆட எந்தெந்தக் கடைக்குப் போகலாம் என்று இணையத்தில் ஒரு வழிகாட்டி. படித்தவர்கள் இவன் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் என்று நம்பினார்கள். இவனோ சிங்காநல்லூரில் பிறந்து வளர்ந்து, பீளமேட்டு ஆபீசுக்கு பஸ்ஸில் வந்து போகிறவன். பனியை பிரிட்ஜுக்குள்தான் பார்த்திருக்கிறான்.

அந்த ஆபீசின் தொழிலே அதுதான், பார்க்காத ஊருக்கு வழி சொல்வது. அமெரிக்கக் கம்பெனி தலைப்பை அனுப்பும், இவர்கள் இணையத்தைத் துழாவி எழுதிக் கொடுப்பார்கள். மில்வாக்கிக்கு ‘பத்துக் கடைகள்’ என்று தலைப்பு வந்தது. சசிதருக்கு ஒன்பதுதான் கிடைத்தது. சாப்பாட்டு நேரம் வேறு நெருங்கிவிட்டதால் பத்தாவது கடையை அவனே கட்டி முடித்தான்.

கட்டுவது என்று ஆனபிறகு எதற்குக் கஞ்சத்தனம்? அவனும் ஆட்டப் பைத்தியம்தான். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு பலகையை விரித்தால் எந்த பேக்கரிக்காரரும் அரைமணிக்கு மேல் உட்கார விடமாட்டார். அதனால் அவன் கட்டிய கடையில் நாளெல்லாம் ஆடலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். சாயங்காலமானால் காந்திபுரம் தள்ளுவண்டியில் போடுகிற மாதிரி சுடச்சுடக் காளான் மசாலாவும் உண்டு. வாய்க்கு வந்த தெரு, கைக்கு வந்த கதவு எண் என்று முகவரியையும் போட்டுவிட்டான்.

இப்போது அந்தக் கதவு எண்ணிலிருந்து மெயில் வந்திருந்தது. அங்கே இருபது வருஷமாக லாண்டரி நடத்தி வந்தார்களாம். சனிக்கிழமையானால் பையும் பகடையுமாகக் கூட்டம் வந்து நிற்கிறதாம். எழுதியவரோடு உடனே பேச வேண்டும் என்று கேட்டு, கீழே ‘சூ பேனன்’ என்று பெயர்.

“வரிக்கு ரெண்டு சார் போட்டிருக்கறாங்க பாருங்க. எப்பக் கூப்படலாம் சார், தொந்தரவுக்கு மன்னிக்கோணும் சார்னு. இத்தன மரியாதையா எழுதோணும்னா எத்தன கோவம் இருக்கோணும்?” என்றார் ராமாமணி.

மரியாதை விஷயத்தில் அவருக்குத் தெரியாதது இல்லை. பேனன் அம்மையார் வக்கீலைப் பார்த்துவிட்டார் என்று ஆபீசே முடிவு கட்டியது. கடை போன மாதம்தான் மூடப்பட்டது என்று அடித்துவிடச் சொன்னான் பக்கத்து சீட்டு தேஜா. ராமாமணி அவனையும் ‘நீங்க’ என்று கூப்பிட்டு உட்கார வைத்தார். உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டியது, புகார் அமெரிக்கக் கம்பெனி வரைக்கும் போனால் சசிதர் வீட்டுக்குப் போக வேண்டியது என்று தீர்ப்பாயிற்று.

அடுத்த வாரம்தான் அவனுக்கு வேலை நிரந்தரமாவதாக இருந்தது. அதற்காக ஒரு வருஷம் மாடாய் உழைத்திருந்தான். ஒரு கடையால் எல்லாம் போகிறதே, அதுவும் இல்லாத கடையால் போகிறதே என்று நொந்துகொண்டான்.

ஆபீஸ் முகவரியும் போன் நம்பரும் போட்டு ராமாமணி பதில் அனுப்ப, சாயங்காலம் ஆறரைக்கு போன் அடித்தது. அங்கே காலை எட்டு மணி. ராமாமணி ஸ்பீக்கரில் போட்டார். மத்தியானம் முழுக்க உருப்போட்டு வைத்திருந்த இங்கிலீஷ் மன்னிப்பை, “ஹலோ மேடம்” என்று தொடங்கினான் சசிதர்.

“பீளமேட்டு ஆபீசுங்களா? நான் மேடமெல்லாம் இல்லீங்க,” என்றது ஓர் ஆண் குரல். “சூ பேனன்னு இங்கிருக்கறவங்க கூப்படறதுங்க. நான் சுப்பண்ணன், சொந்த ஊரு அன்னூருங்க.”

உருப்போட்ட இங்கிலீஷ் அத்தனையும் வீணாய்ப் போனது. சுப்பண்ணன் அவசரமே இல்லாமல் சொல்லிக்கொண்டு போனார். முதல் வாரம் எட்டுப் பேர் வந்தார்கள், இது லாண்டரி என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுவாரம் முப்பது பேர். அதற்கடுத்த வாரம் துணி கொண்டு வருகிறவர்கள் நிற்க இடமில்லை. வந்தவர்கள் அத்தனை பேரும் அவர் மனைவி பழனியாத்தாளிடம் காளான் எங்கே, காளான் எங்கே என்று கேட்டுத் துளைத்துவிட்டார்கள்.

ராமாமணி கண்ணை மூடிக்கொண்டார். அதற்கு மேல் சசிதரால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

“தப்பு எம்மேலதானுங்க. அப்படியொரு கடையே கெடையாதுங்க, நானா எழுதிப்போட்டேன். இன்னிக்கே அத எடுத்துடறனுங்க.”

“எடுத்துப்போடாதீங்க சாமி,” என்று பதறினார் சுப்பண்ணன். “மிஷினையெல்லாம் வித்துப்போட்டு, போன சனிக்கெழமதான் அந்தக் கடையத் தொறந்தனுங்க. காளானுக்கே வரிசையில நிக்கறாங்க.”

ராமாமணி மூடிய கண்ணைத் திறந்தார். எதிர்முனையில் சுப்பண்ணன் பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதைப்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அடுத்த கடைய எந்தத் தெருவுல எழுதப்போறீங்கன்னு மட்டும் முன்னாலயே சொல்லிப்போடுங்க, எடத்தப் புடிச்சு வெச்சர்றனுங்க.”