பின் சீட்டுப் பாரம்

முதலில் பேச்சை முறித்தது மைத்துனன் பற்றிக்தான், சவுந்தரநாயகம் அல்ல. இதை அவர் கொச்சிக்கடையில் கேட்டவருக்கும் சொல்லியிருக்கிறார், கேளாதவருக்கும் சொல்லியிருக்கிறார்.

பற்றிக் அவருடைய மனைவி செலீனின் தம்பி. நாலு வருசத்துக்கு முன் ஒருநாள் அவருடைய பைக்கை இரவல் வாங்கிப் போனான். திருப்பிக் கொண்டுவந்தபோது ஹெட்லைட் தலை தொங்கிக் கிடந்தது. அதைப் பிடிக்கிற இரண்டு பிராக்கெட்டும் முறிந்திருந்தன.

“எங்கை விழுந்தனீ?”

“சும்மா சறுக்கிட்டுது அத்தான்.”

“எங்கையெண்டு கேக்கிறன்.”

பற்றிக் நிலத்தைப் பார்த்தான்.

“சொல்ல மனம் வரேக்கை வா. அதுவரைக்கும் இந்த வாசலை மிதிக்காதை.”

அவன் சொல்லவும் இல்லை, மிதிக்கவும் இல்லை. இரண்டு வருசம் கழித்துச் செலீன் செத்த அன்றைக்குக்கூட வீட்டுக்கு வராமல் ஒழுங்கை முனையிலேயே நின்றுகொண்டான்.

செலீனாவது அப்போது இடையில் புகுந்து பேசியிருக்கலாம். ஆனால் அந்த நாட்களில் சவுந்தரநாயகம் அவளோடும் கதைப்பதில்லை. அவரைக் கேளாமல் தன் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்வந்திருந்தாள். அது வேறு கணக்கு. பைக் முறிந்த அந்த வாரம் அவள் நொண்டி நொண்டி நடந்ததைக் கண்டார். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோயிலில் முழங்காலால் நடந்து நேர்த்தி செலுத்துகிறாள்போல, செலுத்தட்டும் என்று விட்டுவிட்டார்.

ஹெட்லைட்டைப் பழைய டியூப் ரப்பரால் கட்டிக்கொண்டு இத்தனை காலமும் பகலில் மட்டும் ஓடினார். புதுப் பிராக்கெட் போட்டால் பற்றிக்கின் குற்றம் அழிந்துபோகும் என்று ஒரு எண்ணம். போன கிழமை ஒரு போலிஸ்காரன் மறித்து, “சீயா, இது லைட்டா, மாட்டுக்குக் கட்டின மணியா?” என்று சிங்களத்தில் தாத்தா முறை வைத்துக் கேட்டபிறகுதான் வழிக்கு வந்தார்.

அந்தப் பழைய மொடலில் கைவைக்கிற ஆள் வெள்ளவத்தையில் ராகுலன் ஒருவன்தான் என்றார்கள். போனார்.

“ஐயா, இதுக்குக் கொம்பனிச் சாமான் இனி வராது. சைனா பிராக்கெட்தான். ரெண்டு பக்கக் குழாயிலையும் ரப்பரைச் சுத்தி இறுக்கினால் ஆடாது.”

“சைனாவோ? எத்தினை நாளைக்கு நிக்கும்?”

“நீங்கள் நிக்கிற வரைக்கும் நிக்கும்.”

பூட்டினான். முழுதாக இறுக்காமல், பைக்கைச் சுவருக்கு நேரே நிறுத்தி லைட்டைப் போட்டான்.

“ஏறி இருங்கோ. ஆள் ஏறினால்தான் வெளிச்சம் எங்கை விழுதெண்டு தெரியும். பின்னுக்கு ஆரும் ஏறுறதோ? பின்பாரம் இருந்தால் வெளிச்சம் மேலை தூக்கும், அதுக்குத் தக்கமாதிரிப் பதிக்கவேணும்.”

“இல்லை. தனியத்தான்.”

ராகுலன் குனிந்து முன் குழாயைத் தடவிப் பார்த்தான்.

“நாலு வருசத்துக்கு முன்னம் இதை நிமிர்த்தினது என்ரை கையெல்லோ, பிராக்கெட்தான் அண்டைக்குக் கிடைக்கேல்லை. அப்ப பின்னுக்கு ஒரு அக்கா இருந்தவ. நீங்கள் பைக்கை அவையிட்டை வாங்கினனீங்களோ?”

சவுந்தரநாயகம் ஓமென்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

“இந்த ஒழுங்கை வாசலிலைதான் விழுந்தவை. பஸ்ஸுக்கு விலத்தப் போய்ச் சறுக்கினது. அக்காவுக்கு முழங்கால் உரஞ்சி ரத்தம். எண்டாலும் களுபோவில ஆஸ்பத்திரிக்கு நேரம் போகுதெண்டு அடம்பிடிச்சு நிண்டா. செவ்வாய்க்குச் செவ்வாய் கிளினிக்காம்.”

ஸ்பானரை ஒரு சுற்றுச் சுற்றினான்.

“அந்தத் தம்பிதான் பாவம். அத்தானுக்கு என்னெண்டு சொல்லுறதெண்டு அழுதான். அக்கா விடேல்லை. ‘என்னைப் பற்றி வாயே திறக்கக்கூடாது’ எண்டு அந்தோனியார்மேலை சத்தியம் வாங்கினா. புருசன் அவவோடை கதைச்சு மூண்டு மாசமாம். வருத்தமெண்டு, ஆஸ்பத்திரியெண்டு சொன்னால், தன்னைக் கதைக்க வைக்கிறதுக்கு நடிக்கிறாள் எண்டு நினைப்பாராம். ‘அவரா ஒரு சொல்லுக் கதைக்கட்டும், அண்டைக்கே சொல்லுறன்’ எண்டா. அந்தச் சொல்லுத்தான் எனக்கு மறக்கேல்லை.”

சவுந்தரநாயகம் சுவரில் விழுந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அந்த ஒரு சொல்லைக் கதைத்தது, அதற்கும் இரண்டு வருசம் பிந்தி, ஆஸ்பத்திரி வாட்டில். அப்போது செலீன் மூக்கையும் வாயையும் மூடிய ஒட்சிசன் மாஸ்க்கோடு கிடந்தாள்.

“அவ இப்ப சுகமோ, ஐயா?”

“தெரியாது, தம்பி.”

“சரி. தனிய ஓடுற ஆளுக்கு இந்த உயரம் போதும்” என்று ராகுலன் இறுக்கினான்.

பொழுது சாய்ந்துவிட்டது. சவுந்தரநாயகம் வீட்டுக்குப் போகாமல் ஜிந்துப்பிட்டிக்கு விட்டார். பற்றிக்கின் வீட்டுக்கு முன்னால் நிறுத்தினார். முகத்தில் வெளிச்சம் அடிக்க, பற்றிக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

“ஆரது… அத்தானோ?”

அவன் பார்வை புதுப் பிராக்கெட்டில் போய் நின்றது.

தனக்குத் தெரியும் என்று சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால் அந்த மூன்று மாதத்தையும் பிந்திய இரண்டு வருசத்தையும் சொல்லவேண்டி வரும். சவுந்தரநாயகத்துக்கு நாக்கு அந்தப் பக்கம் புரளவில்லை. பழைய கேள்விதான் வந்தது.

“அண்டைக்கு எங்கை விழுந்தனீ?”

பற்றிக் நிலத்தைப் பார்த்தான்.

“சும்மா சறுக்கிட்டுது அத்தான்.”

“சரி. சொல்ல மனம் வரேக்கை வா.”

வாசலை மிதிக்காதே என்று இந்தமுறை சொல்லவில்லை. பைக்கைத் திருப்பிக்கொண்டு போனார்.

பற்றிக் தரவேண்டிய பதில் அவருக்கு இன்னும் பாக்கிதான்.