எட்டிப் பார்த்த டிரைவர்

"இந்த டிரைவரை இன்னைக்கே அனுப்பிடுங்க. இல்லேன்னா நானும் குழந்தையும் சேலத்துக்குப் பஸ் ஏறிடறோம்."

நான் இப்படிப் பேசி என் கணவர் கேட்டதில்லை. கையிலிருந்த மருந்துக் குப்பியைக் கீழே வைத்தார்.

"என்ன பண்ணினான் மாதப்பன்?"

"எட்டிப் பார்க்கறான்."

அவர் மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். மிஷனில் ஒரு பழைய லாரியின் மேல் பலகையால் அறை கட்டிக் கொடுத்திருந்தார்கள். கட்டில், ஸ்டவ், மருந்து அலமாரி எல்லாம் அதற்குள்ளேயே. சந்தை கூடும் ஊர்களுக்கெல்லாம் அதில்தான் போவோம். மாதத்தில் இருபது நாள் அதுதான் எங்களுக்கு வீடு.

யுத்தத்தினால் பெட்ரோல் கிடையாது. வண்டியின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு கரி அடுப்பை மாட்டி, அதில் வரும் காஸில் ஓட்டினார்கள்.

குழந்தைக்கு எழுபது நாள். வெளியே ஐப்பசி மழை. எங்கள் தெருவில் ஒரு குழந்தை ஜன்னியில் போனதிலிருந்து எனக்குக் காற்று என்றாலே பயம். ஜன்னலைச் சாத்தி, பலகைச் சந்துகளில் எல்லாம் பழம்புடவையைக் கிழித்து அடைத்துவிட்டேன்.

கட்டிலை ஒட்டித்தான் கரி அடுப்பு. சுவர் கதகதவென்று இருக்கும். இராப்பகலாக வீறிட்டுக்கொண்டிருந்த பிள்ளை, இரண்டு நாளாக அசையாமல் தூங்கினான். ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். எனக்குத்தான் ஓயாத தலைவலி. பாதையின் குலுக்கல் என்று விட்டுவிட்டேன்.

அந்த இரண்டு நாளாகத்தான் மாதப்பனும் என்னைப் படுத்தினான். வண்டி நின்றால் போதும், வெளியிலிருந்து துணியைப் பிடுங்கிவிடுவான்.

"ஏன் மாதப்பா பிடுங்கறே?"

"காத்து வரட்டுங்கம்மா."

"குழந்தைக்கு ஆகாது."

"அப்படீன்னா எறங்கி அந்தச் சாவடியில போயி உக்காருங்கம்மா."

"இந்த மழையிலா? நல்லா இருக்கே நீ சொல்றது!"

அவன் போய், அடுப்பு மூடிக்குக் களிமண் பூசுவான். நான் மறுபடி துணியை அடைப்பேன்.

இன்று பாப்பிரெட்டிப்பட்டி சந்தை. கடலைக்காய் விற்கும் குள்ளம்மாள் வந்தாள்.

"ஏனுங்கம்மா, வூடே ஓடுதே! கோலத்த எங்க போடுவீங்க?"

சிரித்தேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அது கெடக்குதுங்க. உங்க டிரைவரு அந்தச் சந்துல கண்ண வெச்சி வெச்சிப் பாக்கறானே, அத ஆருங்க கேக்கறது? நான் மூணு வாட்டி பாத்துட்டன்."

குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு அப்போதுதான் ரவிக்கையைச் சரிசெய்திருந்தேன். உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

நான் சொன்னதைக் கேட்டதும் என் கணவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே மாதப்பனைக் கூப்பிட்டார்.

"எட்டிப் பார்த்தியா?"

மாதப்பன் குழந்தையைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லேன்யா!" என்றாள் குள்ளம்மாள்.

"அய்யா, கொழந்தய அம்மாகிட்ட குடுத்துட்டு, சித்த அப்பால வாங்க."

இருவரும் புளியமரத்தடிக்குப் போனார்கள். காலில் விழுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விழவில்லை. இவர்தான் ஓடி வந்தார். குழந்தையை வாங்கிக் குள்ளம்மாளிடம் கொடுத்து, "தள்ளி நில்லும்மா" என்றார். என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். ஜன்னல்களைத் திறந்தார். துணிகளையெல்லாம் தாமே பிடுங்கி எறிந்தார்.

"மன்னிப்புக் கேட்டானா?"

"சகாயம், உனக்குத் தலைவலி எத்தனை நாளா?"

"ரெண்டு நாளா. ஏன்?"

"அடுப்பு மூடி ரெண்டு நாளா சரியா இறுகலையாம். வண்டி ஓடறப்போ காஸை எஞ்சின் இழுத்துக்கும். நிக்கறப்போ அது உள்ளே கசியுது. வாசனை தெரியாது. தூக்கந்தான் வரும். போன வருஷம் இவன்கூட இருந்த கிளீனர், கரி பஸ்ஸை மூடிக்கிட்டு உள்ளே படுத்தானாம். எழுந்திருக்கவே இல்லை."

மூச்சுக்குக் காற்று வேண்டும் என்று கான்வென்டில் இங்கிலீஷில் மனப்பாடம் செய்தவள்தான் நான். பயம் வந்தால் பாடம் எங்கே நிற்கிறது!

"பற்றவைக்க நேரமாகும், அணைக்காதேன்னு சொன்ன பாவி நான்தான்" என்றார் அவர்.

"அவன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"பால்குடிப் பிள்ளை காதுல சாவுப் பேச்சு விழக் கூடாதாம். அவங்க ஊர்ல அப்படி. நீ குழந்தையை விட்டு நகரலை. நான் நோயாளிங்களை விட்டு நகரலை. மூணு வாட்டி வந்து நின்னானாம், 'அப்புறம் வா'ன்னு விரட்டினேனாம்."

தூறல் முகத்தில் பட்டதோ என்னவோ, குள்ளம்மாள் கையில் என் பிள்ளை விழித்துக்கொண்டு வீறிட்டான். இரண்டு நாளாக நான் கேட்காத அழுகை. ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன்.

மாதப்பன் அடுப்பிலிருந்து கரியை வாரிக் கீழே கொட்டி, தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா... நீங்க மட்டும் இல்லேன்னா என் பிள்ளை..."

"கொழந்த முன்னால அதெல்லாம் பேசாதீங்கம்மா" என்று அவசரமாகத் தடுத்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆனா எட்டிப் பாத்தது நெசந்தாங்க. தப்புத்தான். வண்டி நின்னப்பல்லாம் பாத்தன். கொழந்தைக்கு வவுறு ஏறி எறங்குதான்னு."